அம்மாவின் மேல் வந்தது சாமி இல்லை

எங்கள் அம்மா மறைந்து ஒரு வருடம் முடிகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் மகளின் வணக்கம். முதல் பக்கத்தில், மாலை போட்ட படத்துக்குக் கீழே, "தெய்வமாகி நின்ற தாய்" என்று பெரிய அண்ணன் அச்சிட்டிருக்கிறார். அது அவருடைய பக்கம். என் பக்கத்தில் ஓர் எழுத்தைக்கூட யாரும் திருத்தக் கூடாது என்று சொல்லித்தான் எழுதச் சம்மதித்தேன். அச்சகத்தில் நானே உட்கார்ந்து சரிபார்த்த பிறகுதான் இது அச்சேறுகிறது. நல்லதாக நாலு வார்த்தை மட்டும் படிக்க நினைப்பவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம். அங்கே பேரப்பிள்ளைகள் எழுதிய கவிதை இருக்கிறது.

அம்மா பிறந்தது கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஊர். வேர்க்கடலை பிடுங்கும் காலத்தில் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றவர், பிறகு அந்தப் பக்கம் போகவே இல்லை. சின்ன வயதிலேயே கல்யாணமாகி திருவண்ணாமலைக்கு வந்தார். அப்பா அரிசி மண்டியில் எடை போடுகிறவர். மூட்டை சரிந்து விழுந்ததில் அப்பாவின் இடுப்பு போனது. அன்றிலிருந்து வீடு அம்மாவின் அடுப்பை நம்பியே ஓடியது. பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த சந்தில் சிறிதாக ஒரு சாப்பாட்டுக் கடை போட்டார். ஆபீஸ்காரர்கள், லாட்ஜில் தங்குகிறவர்கள், பௌர்ணமிக்கு மலை சுற்ற வருகிறவர்கள் என்று எல்லோரும் அங்கே சாப்பிட்டிருக்கிறார்கள். இந்த மலரைப் படிப்பவர்களிலும் பாதிப் பேர் அந்த பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள்தான்.

யாரைப் பார்த்தாலும் அம்மாவின் முதல் பேச்சு "சாப்ட்டியா?" என்பதுதான். அஞ்சல்காரர், கரண்ட் பில் எழுத வருகிறவர், பெண் பார்க்க வந்தவர்கள் என்று எவரையும் விட்டதில்லை. அந்தக் கடையின் வருமானத்தில்தான் பெரிய அண்ணன் சிமெண்ட் வியாபாரத்தில் இறங்கினார், சின்ன அண்ணன் படித்து அரசு வேலைக்குப் போனார், நான் ஆசிரியர் பயிற்சி முடித்தேன்.

வட ஆற்காடு மாவட்டத்தைப் பிரித்து திருவண்ணாமலையைத் தனி மாவட்டத்தின் தலைநகராக்கிய வருடத்தில்தான் அம்மாவுக்குச் சர்க்கரை நோய் இருப்பது தெரிந்தது. அரிவாள்மனையில் பட்ட காயம் ஆறவே இல்லை என்று டாக்டரிடம் போனபோது கண்டுபிடித்தார்கள். "ஊருக்கு கலெக்டர் வந்தாரு, எனக்கு சக்கரை வந்துச்சு. ரெண்டு பேரும் இனிமே போக மாட்டாங்க" என்று சிரித்தபடி சொன்னார். பிறகு ரத்த அழுத்தம் வந்தது. பிறகு முழங்கால் வலி. பிறகு இதயம் கொஞ்சம் பலவீனமாக இருக்கிறது என்றார்கள். ஒன்று வந்து மற்றொன்று போகவில்லை. எல்லாம் வந்து தங்கின.

அப்பா காலமான பிறகு அண்ணன்கள் இருவரும் உட்கார்ந்து பேசி முறை வைத்தார்கள். மூன்று மாதம் டவுனில் பெரிய அண்ணன் வீடு, மூன்று மாதம் வேங்கிக்காலில் சின்ன அண்ணன் வீடு. கடைக்குப் பூட்டுப் போட்டார்கள். இரண்டு அண்ணன்களுக்கும் ஏற்கெனவே பேச்சுவார்த்தை சரியில்லை. அதனால் டாக்டர்களும் வேறு வேறு. பெரியவர் கூட்டிப்போன டாக்டரிடம் சின்னவர் போகமாட்டார். சின்னவர் காட்டிய டாக்டரின் சீட்டைப் பெரிய அண்ணன் வாங்கிக்கூடப் பார்க்கமாட்டார். முழங்காலுக்கு மட்டும் தனியாக ஓர் எலும்பு டாக்டர். மூன்று டாக்டர்களும் கெட்டிக்காரர்கள்தான். மற்ற இருவர் இருப்பது ஒருவருக்கும் தெரியாது.

சர்க்கரைக்காக ஒருவர் சோற்றைக் குறைக்கச் சொன்னார். பிரஷருக்காக இன்னொருவர் உப்பை எடுத்தார். பருப்பு, கிழங்கு, வாழைப்பழம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒருவர் தடை போட்டார். பெரிய அண்ணி டாக்டர் சொன்னதை அப்படியே செய்வார், சின்ன அண்ணியும் அப்படியே. ஊருக்கே இலை போட்ட அம்மாவின் தட்டில் உப்பில்லாத கேழ்வரகுக் கூழும் வேகவைத்த சுரைக்காயும் இருந்தன. "நல்லா இருக்குதா அத்தே?" என்று பெரிய அண்ணி கேட்டால், "டாக்டர் சாப்ட்டா நல்லா இருக்கும்" என்பார் அம்மா.

அம்மா ஒரு காரியம் செய்தார், அதை அம்மாவைப் போன்ற ஒருவர்தான் செய்ய முடியும். மூன்று மாதம் முடிந்து வீடு மாறும்போது, அந்த வீட்டில் வாங்கிக்கொடுத்த மாத்திரைகளையும் பையில் போட்டு எடுத்துப்போனார். பெரியவன் வாங்கித் தந்ததைப் போடாமல் விட்டால் பெரியவன் மனசு கோணும். சின்னவன் வாங்கித் தந்ததை ஒதுக்கினால் சின்னவன் கோபித்துக்கொள்வான். எனவே இரண்டு பிள்ளைகளின் மாத்திரைகளையும் தினமும் பாரபட்சமில்லாமல் விழுங்கினார். நாங்கள் சிறுபிள்ளைகளாக இருந்தபோது முறுக்கை எப்படிச் சரிசமமாக உடைத்துக் கொடுப்பாரோ, அந்த நியாயம்தான்.

இனி இரண்டு தீபத் திருநாட்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதலாவது இது. நம் ஊரில் கார்த்திகை தீபத்தன்று மலை உச்சியில் தீபம் தெரியும் வரை சாப்பிடாமல் இருப்பது வழக்கம். அம்மா கல்யாணமாகி வந்த வருடம் முதல் அந்த விரதத்தை விட்டதில்லை. மாத்திரையையும் ஒருநாள்கூட விடக்கூடாது என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். அம்மா இரண்டையும் விடவில்லை. காலையில் இரண்டு வீட்டு மாத்திரைகளையும் போட்டுக்கொண்டு, வெறும் வயிற்றோடு, பெரிய அண்ணன் வீட்டு மொட்டை மாடியில் மலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நாங்கள் எல்லோரும் அங்கேதான் இருந்தோம்.

மலையில் தீபம் தெரிந்து ஊரே அரோகரா போட்ட நேரத்தில் அம்மாவின் உடம்பு நடுங்கத் தொடங்கியது. வேர்த்துக் கொட்டியது. கொண்டை அவிழ்ந்தது. கண் எங்கேயோ நிலைகுத்தி நின்றது, வாய் குழறியது. பக்கத்து வீட்டு அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு, "சாமி வந்துடுச்சு! சாமி வந்துடுச்சு!" என்று கத்தினார். அவ்வளவுதான். கற்பூரம் வந்தது, எலுமிச்சம்பழம் வந்தது, அம்மாவின் நெற்றி முழுக்க விபூதியும் குங்குமமும் அப்பினார்கள்.

பெரிய அண்ணன் கால்சட்டை அழுக்காவதைப் பார்க்காமல் அம்மாவின் காலடியில் மண்டியிட்டார். அவருக்குக் கேட்க ஒரு கேள்வி இருந்தது. பூட்டிக் கிடந்த சாப்பாட்டுக் கடையை லாட்ஜ் கட்டுகிறவருக்கு விற்க வேண்டும் என்பது அவருடைய நீண்ட நாள் ஆசை. அம்மா முடியவே முடியாது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"கடையக் குடுத்துடலாமா தாயே? உத்தரவு சொல்லு தாயே!"

அம்மாவின் தலை ஆடிக்கொண்டிருந்தது. கை, கால், தாடை எல்லாமே ஆடிக்கொண்டிருந்தன. "உத்தரவு வந்துடுச்சு" என்றார் அண்ணன். யாரோ படையலில் இருந்த பொரி உருண்டையை உடைத்து அம்மாவின் வாயில் வைத்தார்கள். வெல்லப்பாகு உள்ளே இறங்கிய சற்று நேரத்தில் நடுக்கம் நின்றது. "சாமி மலையேறிடுச்சு" என்றார்கள். அம்மா சுற்றிலும் பார்த்துவிட்டு, "இன்னா ஆச்சு? ஏன் எல்லாரும் என்னைச் சுத்தி நிக்கிறீங்க? சாப்ட்டீங்களா?" என்று கேட்டார்.

அடுத்த தை மாதத்தில் கடை கைமாறியது. சாவியை அம்மாவே எடுத்துக் கொடுத்தார். சாமியாக இருந்தபோது தலையாட்டியதை அம்மாவாக வந்து மறுக்க முடியாது என்று நினைத்திருக்க வேண்டும்.

அதன் பிறகு அடிக்கடி சாமி வந்தது. செவ்வாய், வெள்ளி என்று பார்க்காமல் வந்தது. சாப்பாடு சற்றுத் தாமதமானால் வந்தது. தெருவில் உள்ளவர்கள் பிள்ளைவரம் கேட்டும் வேலை கேட்டும் வரத் தொடங்கினார்கள். இன்னொரு பக்கம், ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை தானாகக் குறைந்துகொண்டே வந்தது. "சாமி வந்ததுலேந்து சக்கரையும் கம்மியாயிடுச்சு பாரு" என்று சின்ன அண்ணன் தொலைபேசியில் பூரித்துப் போனார். தம்பியும் அண்ணனும் பல வருடங்களில் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

உண்மை தெரிந்தது அம்மாவின் கால் புண்ணால். பௌர்ணமி அன்று உச்சிவெயிலில் வெறுங்காலோடு மலை சுற்றியிருக்கிறார். சர்க்கரையால் பாதம் மரத்துப்போனவருக்குத் தார் ரோடு சுட்டது தெரியவில்லை. உள்ளங்கால் முழுவதும் கொப்புளம் கண்டு புண்ணானது. தினமும் கட்டு மாற்ற வேண்டும், நாற்றம் வேறு. இரண்டு வீட்டிலும் முகம் சுளித்தார்கள். கட்டுப் பிரிக்கிற வரைக்கும் என்று நான் கீழ்பென்னாத்தூரில் இருக்கும் என் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். பிள்ளைகள் இருக்கும்போது மகள் வீட்டில் தங்குவது கௌரவக் குறைவு என்று அம்மாவே முதலில் முரண்டு பிடித்தார். என் வீட்டுக்காரர், "அத்தே, நீங்க எங்களுக்கு சமையல் கத்துக்குடுக்க வந்திருக்கீங்கன்னு வச்சிக்கோங்க" என்று சொல்லித்தான் சம்மதிக்க வைத்தார்.

அரசு ஆஸ்பத்திரியில் கால் புண்ணைப் பார்த்த டாக்டரம்மா, அம்மா என்னென்ன மாத்திரை போடுகிறார் என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. "பேரு வேணாம். வீட்ல இருக்கிற அத்தனையும் ஒண்ணு விடாம அள்ளிக்கிட்டு வாங்க" என்றார். மறுநாள் அம்மாவின் பையை அப்படியே கொண்டுபோய் அவர் மேசையில் கவிழ்த்தேன். மேசை கொள்ளவில்லை. சில அட்டைகள் தரையில் விழுந்தன.

டாக்டரம்மா ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துப் பிரித்து வைத்தார். ஒரு சிவப்பு அட்டையையும் ஒரு பச்சை அட்டையையும் தூக்கிக் காட்டினார். "இதுவும் இதுவும் சக்கரைக்கு ஒரே மருந்து. கம்பெனிதான் வேற. ரெண்டையும் போடறாங்களா?"

"ஒண்ணு பெரியவன் வாங்கினது, ஒண்ணு சின்னவன் வாங்கினது" என்று அம்மா விளக்கினார்.

ரத்தத்தைச் சோதித்துவிட்டு அவர் சொன்னதை நான் மறக்கப்போவதில்லை. "சக்கரை தானா குறையுதுன்னு சந்தோஷப்பட்டீங்களா? முழங்காலுக்குப் போட்ட வலி மாத்திரையும் சேந்து கிட்னி கெட்டுப்போச்சு. அதனால சக்கரை மாத்திரை வெளிய போகாம உடம்புலயே தங்குது. சக்கரை ரொம்ப இறங்கினா வேர்க்கும், நடுங்கும், குழறும். அந்த நேரத்துல வாயில வெல்லமோ சக்கரையோ போடணும். போடலன்னா நினைவு தப்பிடும், உயிரே போயிடும்."

"அப்போ சாமி?" என்று அம்மா கேட்டார்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "சாமிய நான் பாத்ததில்லம்மா. மாத்திரை போட்டா சாப்பிடணும். விரதம் இருந்தா மாத்திரை போடக் கூடாது. ரெண்டும் சேரவே கூடாது. புரிஞ்சுதா?" என்றார். அம்மா புரிந்தது என்று தலையாட்டினார். அதைத் திருப்பிச் சொல்லவும் சொன்னார் டாக்டரம்மா. அம்மா ஒரு வார்த்தை பிசகாமல் திருப்பிச் சொன்னார்.

அந்தப் பையில் பாதிக்கு மேல் குப்பைக்குப் போனது. மிச்சத்தில் எதை எப்போது போட வேண்டும் என்று ஒரே டாக்டர் சொல்ல, ஒரே வீட்டில் அம்மா சாப்பிட்டார். எதையெல்லாம் கொஞ்சம் சாப்பிடலாம் என்று முதன்முறையாக ஒருவர் சொன்னார். அளவாகச் சோறு, துளி உப்பு, பீர்க்கங்காய்க் கூட்டு. எங்கள் வீட்டில் இருந்த நாட்களில் அம்மாவின் மேல் சாமி வரவே இல்லை. புண் ஆறியது. என் சமையலைத் திட்டினார். இதைவிட எனக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை. அம்மா இங்கேயே இருக்கட்டும் என்று இரண்டு அண்ணன்களிடமும் கேட்டேன்.

கட்டுப் பிரித்த வாரமே பெரிய அண்ணன் கார் எடுத்து வந்துவிட்டார். காபியைக்கூடத் தொடாமல் பேசினார்.

"கிட்னி வேற போயிருக்குன்ற. நாளைக்கே ஒண்ணு ஆயி, ரெண்டு ஆம்பளப் பசங்க இருக்கும்போது பொண்ணு வூட்லேந்து பொணம் கிளம்புச்சுன்னா எங்க மூஞ்சிய எங்க வச்சிக்கிறது?"

அம்மா பக்கத்து அறையில்தான் உட்கார்ந்திருந்தார். பை கட்டும் சத்தம் கேட்டது.

திரும்பிப் போனதும் பழைய முறை வந்தது, பழைய டாக்டர்கள் வந்தார்கள். சிவப்பு அட்டையும் பச்சை அட்டையும் வந்தன. "சர்க்கார் ஆஸ்பத்திரில இன்னா தெரியும்" என்றார் பெரிய அண்ணன். நான் பக்கத்து மருந்துக் கடைத் தொலைபேசியிலிருந்து அம்மாவிடம் பேசும்போதெல்லாம் அதைத்தான் கேட்பேன். "போடலடி பாப்பா. டாக்டரம்மா குடுத்ததுதான் போடறேன். இவனுங்க குடுக்கிறத எடுத்து வச்சிருக்கேன்" என்பார். எதற்காக எடுத்து வைக்கிறார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

கார்த்திகை பிறந்த பிறகு ஒருநாள் அம்மாவே சொன்னார். இதை எழுதக் கூடாது என்றுதான் பெரிய அண்ணன் என்னிடம் கெஞ்சினார். எழுதுகிறேன்.

"சீக்காளியா இருந்தா ஒருத்தனும் ஏன்னு கேக்கறதில்லடி. மூட்டை மாதிரி இங்க இறக்கறான், அங்க ஏத்தறான். சாமியா இருந்தா பெரியவன் கால்ல விழறான். தீபத்தன்னிக்கி ரெண்டு பேரும் மாடில ஒண்ணா இருப்பானுங்க. எடுத்து வச்சத அன்னிக்கி வெறும் வயித்துல போட்டுக்குவேன், சாமி வரும். வந்து சொல்லும், என்னை ஒரே வூட்ல வைங்கடா, பாப்பா வூட்ல வைங்கடான்னு. சாமி சொன்னா கேப்பானுங்க இல்ல?"

"வெளையாடாதம்மா, உசுரு போயிடும்" என்றேன். "வெல்லம் மடியில இருக்குது, சொல்லி முடிச்சதும் வாயில போட்டுக்கிறேன்" என்றார். மடியில் வெல்லம் இருந்தால் போதும் என்று நம்பினார். நடுக்கம் வந்தபின் மடியும் தெரியாது, கையும் தெரியாது என்பதை அவருக்கு எப்படிச் சொல்வது? அவர் அந்த நேரத்தில் தன்னைப் பார்த்ததே இல்லை. இரண்டு அண்ணன்களுக்கும் அன்றே பேசினேன். "வர்ற சாமிய நீ யாரு தடுக்க?" என்றார் பெரியவர். சின்னவர், "நான் பாத்துக்கிறேன்" என்றார். பார்த்துக்கொள்வதில் சின்ன அண்ணன் எப்போதுமே பிசகியதில்லை. நின்று பார்த்துக்கொண்டேதான் இருந்தார்.

தீபத்தன்று மதியமே கிளம்பினேன். திருவிழாவுக்காக பஸ்களை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். அங்கிருந்து கூட்டத்தில் நீந்தி நடந்தேன். கையில் சர்க்கரைப் பொட்டலம் வேர்வையில் நனைந்து பிசுபிசுத்தது. அண்ணன் வீட்டு மாடிப்படியில் கால் வைத்தபோது ஊர் முழுக்க அரோகரா எழுந்தது. அது அடங்கியதும் மேலே பெரிய அண்ணனின் குரல் கேட்டது.

"இன்னா வேணும் தாயே? சொல்லு தாயே!"

அம்மாவின் குரல் குழறியது. ஒரே வீடு என்ற சொல் வரவில்லை. என் பெயர் வரவில்லை. எத்தனை நாளாகச் சொல்லிச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தாரோ, அதில் எதுவுமே வரவில்லை.

"பசிக்குதுடா" என்றார்.

"ஆத்தாளுக்குப் பசிக்குதாம்!" என்று யாரோ கத்தினார்கள். பெரிய அண்ணன் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினார். "அடுத்த வருசம் பொங்கல் வச்சிப் படையல் போடறோம் தாயே! மனசு குளிர்ந்து போ தாயே!"

நான் கூட்டத்தை இடித்துக்கொண்டு போவதற்குள் "சாமி மேல கைய வைக்காத" என்று பின்னாலிருந்து இழுத்தார்கள். இழுத்த கையைக் கடித்துவிட்டுத்தான் போனேன். சர்க்கரையை அம்மாவின் வாயில் வைத்தேன். விழுங்கவில்லை. அப்படியே உதட்டோரம் வழிந்தது. கூட்டத்தில் கார் நகரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பார்க்க ஒன்றும் மிச்சமில்லை. துணி மாற்றும்போது மடியிலிருந்து ஒரு துண்டு வெல்லம் விழுந்தது. பொணம் பெரிய அண்ணன் வீட்டிலிருந்தே கிளம்பியது. அவர் மூஞ்சிக்கு ஒன்றும் ஆகவில்லை.

உங்கள் வீட்டிலும் பல நோய்களோடு ஒருவர் இருப்பார். நோயைப் பிள்ளைகளுக்குள் பங்கு போட்டுக்கொள்ளாதீர்கள். எல்லா மாத்திரைகளையும் ஒரே மேசையில் கொட்டி, ஒரே டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு முன்னால், அவருக்கு என்ன வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள். சாமி வந்த பிறகு கேட்காதீர்கள்.

இனி நன்றி சொல்ல வேண்டும். பையைக் கவிழ்க்கச் சொன்ன டாக்டரம்மாவுக்கு நன்றி. புண்ணின் நாற்றத்தைப் பொருட்படுத்தாமல் கட்டு மாற்றிய என் வீட்டுக்காரருக்கு நன்றி. பாடையைத் தாங்கியவர்களுக்கு நன்றி. அம்மாவிடம் வரம் கேட்டுப் பெற்றவர்களும் வந்திருப்பீர்கள், உங்களுக்கும் வணக்கம்.

பெரிய அண்ணன் சொன்ன சொல் தவறாதவர். நீங்கள் இதைப் படிக்கும் நேரத்தில் பொங்கல் வைத்துப் படையல் போட்டிருப்பார்; என்னென்ன என்று பட்டியல் முன்பே வந்துவிட்டது. அம்மாவின் படத்துக்கு முன்னால் தலைவாழை இலை. உப்புப் போட்ட சாம்பார் இருக்கிறது, உருளைக்கிழங்கு இருக்கிறது, நெய் மிதக்கும் சர்க்கரைப் பொங்கல் இருக்கிறது, வாழைப்பழம் சீப்பாகவே இருக்கிறது. எந்த டாக்டரும் இன்று எதையும் எடுக்கச் சொல்லவில்லை.

பந்தி போட்டிருப்பார்கள். அம்மா இருந்தால் வாசலிலேயே கேட்டிருப்பார். அவருக்குப் பதிலாக நான் கேட்கிறேன். சாப்பிட்டீர்களா? அம்மா பசியோடு போனார். நீங்கள் இருந்து வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.